காது கொடுத்த பலகாரம்

முத்தாரப்பட்டணம் பவழக்காரச் சந்தில், பூரிம் பண்டிகைக்காகச் சிம்ஹா சுட்ட பலகாரத்துக்கு அந்த வருஷம் காது கேட்டது. இதற்காக ஊரார் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பலகாரத்தின் பெயரே ஆமான் காது. காது காது என்று வருஷா வருஷம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் என்றைக்காவது ஒருநாள் அது திரும்பிப் பார்க்கத்தானே செய்யும் என்று பக்கத்து வீட்டுச் சுலைகா சொன்னாள், ஊரும் அது சரிதான் என்று விட்டுவிட்டது.

பவழக் கப்பல்கள் வந்துபோன காலத்தில் அந்தச் சந்து முழுக்க யூதர்கள் இருந்தார்களாம். கப்பல் நின்றுபோய், ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போய், இப்போது அங்கே இருந்தது எலியாவுவின் குடும்பம் ஒன்றுதான்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எலியாவு, அவன் மனைவி சிம்ஹா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் தெபோரா, பால்வாடிக்குப் போகிற நாலு வயசு யோனா. சிம்ஹா என்றால் அவர்கள் பாஷையில் மகிழ்ச்சி என்று அர்த்தம். ஊரார் அதைச் சிங்கம் என்று புரிந்துகொண்டு அவளைச் சிங்கம்மா என்று கூப்பிட்டார்கள், அவளும் திருத்தப் போய் வம்பு வளர்ப்பானேன் என்று திரும்பிப் பார்த்தாள். பூரிம் பண்டிகையையும் ஊரார் அப்படித்தான் பூரிப் பண்டிகை என்று புரிந்துவைத்திருந்தார்கள். அன்றைக்குப் பூரியை எதிர்பார்த்து வந்து நிற்கிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், கூடை நிறையப் பூரியும் ஒரு அண்டா கிழங்கு மசாலாவும் செய்துவைப்பது அந்த வீட்டில் பண்டிகையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருந்தது.

பண்டிகையின் கதை சந்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். பாரசீக ராஜாவுக்கு ஆமான் என்று ஒரு மந்திரி இருந்தான், நாட்டில் உள்ள யூதர்களை எல்லாம் ஒரே நாளில் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டான், தானும் யூதப் பெண்தான் என்பதை மறைத்து வாழ்ந்த எஸ்தர் ராணி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜா முன்னால் போய் நின்று உண்மையைச் சொல்லி அதைத் தடுத்தாள். இந்தக் கதை எழுதிய பழைய தோல் சுருளை எலியாவு பிரித்து ராகம் போட்டு வாசிப்பான். ஆமான் என்ற பெயர் வருகிற இடத்திலெல்லாம் அந்தப் பெயரே கேட்காதபடி சத்தம் போட வேண்டும். எவர்சில்வர் தட்டு, எண்ணெய் டின், விசில், பால்பவுடர் டப்பாவுக்குள் கூழாங்கல், எது கிடைத்தாலும் சரி. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வாயை மூடு என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, பெரியவர்களே எதிரில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சத்தமாக என்று கெஞ்சுகிற நாள் வருஷத்தில் வேறு ஏது? அது போக, அன்றைக்கு யார் வேண்டுமானாலும் என்ன வேஷம் வேண்டுமானாலும் போடலாம். தெபோரா அந்த வருஷம் மீசை வைத்த ராஜா. யோனா தண்ணி லாரி.

"மனுஷ வேஷம் எதாவது போடேன்டா," என்று சிம்ஹா கேட்டுப் பார்த்தாள்.

"லாரி," என்றான் யோனா. அதற்கு மேல் பேச்சில்லை.

பலகாரம் சுட்டது பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடி கனத்த அண்டாவில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, மாவைத் தம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டி, நடுவில் பேரீச்சம்பழமும் கசகசாவும் வெல்லமும் பிசைந்த உருண்டையை வைத்து, மூன்று பக்கமும் மடித்துக் கிள்ளித் தட்டில் அடுக்கி உள்ளே இறக்கி, மூடி மேல் தணலைக் கொட்டிவிட்டு, சிம்ஹா வழக்கம்போல அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள். கசகசா வாங்கி வரச் சொன்னால் கடுகு வாங்கி வருகிற மனுஷனைப் பற்றி, குளிக்க வா என்றால் ஹாரன் அடிக்கிற மகனைப் பற்றி, இந்த வீட்டில் தான் ஒருத்தி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது ஒரு ஜீவனுக்காவது கேட்கிறதா என்பதைப் பற்றி. அப்படிச் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தால், சுவரைப் பார்த்தும் கூரையைப் பார்த்தும் அவள் அடுக்கியிருந்த பலகாரம் அத்தனையும் அவள் பக்கமாகத் திரும்பி, ஓரத்தைக் கொஞ்சமாக உயர்த்தி, அடுத்து என்ன என்பதுபோல் இருந்தன.

"என்ன?" என்றாள் சிம்ஹா.

பதில் இல்லை. காதுதானே, வாய் இல்லையே. ஆனால் அவள் ஒன்றைக் கையில் எடுத்து, கடுகு விஷயத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னபோது, அது உள்ளங்கையில் இளஞ்சூடாக, ஒரு சின்ன எலிக்குஞ்சு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சொல்லி முடித்ததும் சிம்ஹாவுக்கு நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மாவு மிச்சம் இருந்ததால் இன்னொரு ஈடும் போட்டாள்.

சாயங்காலம் தயிருக்கு உறை மோர் கேட்டு வந்த சுலைகாவிடம் தட்டைக் காட்டினாள். சுலைகாவுக்குக் கல்யாணம் ஆன மகன்கள் மூன்று பேர், மூன்று பேரும் அம்மா பேச ஆரம்பித்தால் செல்போனைப் பார்க்கிறவர்கள். அவள் ஒரு காதைக் கையில் வாங்கி, முற்றத்து மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"மதினி, இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். திங்க மாட்டேன். சத்தியமாத் திங்க மாட்டேன்," என்று முந்தானையில் முடிந்துகொண்டு, உறை மோரை மறந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சந்து முக்கு வரைக்கும் ஆள் நின்றது. சிம்ஹா காசு வாங்கவில்லை, மாவு மட்டும் கொண்டுவரச் சொன்னாள். புதன்கிழமைக்குள் முத்தாரப்பட்டணத்தில் பாதி வீடுகளில் ஒரு ஆமான் காது இருந்தது, அதை வைத்துக்கொள்வதற்கான சட்டதிட்டங்களும் தானாகவே உண்டாகிவிட்டன: எறும்பு ஏறாமல் இருக்கத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல்தான் வைக்க வேண்டும், பூண்டு தின்ற வாயோடு பேசக் கூடாது, அடுத்தவர் காதிடம் பேசுவதாக இருந்தால் உரியவரைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும், எக்காரணம் கொண்டும் கத்தக் கூடாது. மாதா கோயில் சாமியாரும் பள்ளிவாசல் இமாமும் பிள்ளையார் கோயில் குருக்களும் தபாலாபீஸ் வாசலில் நின்று இதுபற்றிக் கலந்து பேசி, விஷயம் மாவும் வெல்லமும் சம்பந்தப்பட்டதாக இருப்பதால் இதில் தாங்கள் யாரும் கருத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவெடுத்து, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

மைக்செட் குரூஸ் வந்து நின்றபோது சிம்ஹாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊரில் எந்தக் கல்யாணம், எந்தக் கொடியேற்றம் என்றாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர் அவர்தான். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங் என்ற அவர் குரல் கடலில் இருக்கிற தோணிக்காரர்கள் வரைக்கும் கேட்கும்.

"அண்ணாச்சி, உங்க பேச்சைத்தான் ஊரே கேக்குதே, உங்களுக்கு எதுக்கு?"

"ஊரு கேக்குதும்மா," என்றார் குரூஸ் மிக மெதுவாக, "ஆனா ஹலோவுக்கு மேல நான் எதுவும் சொன்னதில்லையே."

சிம்ஹா நன்றாகச் சிவந்திருந்த ஒன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

வார்டு கவுன்சிலர் தங்கபுஷ்பம் ஆபீஸ் மேஜைமேல் ஒன்றை வைத்து, அதற்கு வார்டு காது என்று பெயர் எழுதி ஒட்டினாள். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை என்று வந்தவர்கள் எல்லாரும் அதனிடம் சொன்னார்கள், அது சாய்ந்து கேட்டது, அவர்களும் இவ்வளவு பொறுமையாக யாருமே கேட்டதில்லை என்று வாழ்த்திவிட்டு, அடைத்துக்கொண்டிருந்த அதே சாக்கடையைத் தாண்டிக் குதித்து வீட்டுக்குப் போனார்கள். "கவுன்சிலரான நாளிலேர்ந்து இப்படி நிம்மதியா உட்கார்ந்து முறுக்குத் தின்னதில்ல," என்று தங்கபுஷ்பம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

இப்படியாக ஊர் அடங்கிப் போனது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளாளுக்கு உள்ளங்கையைப் பார்த்துக் குனிந்து முணுமுணுத்தார்கள், பஸ் கண்டக்டர் காதுக்கு மட்டும் ஸ்டாப்பிங் சொன்னதால் ஆட்கள் இறங்க வேண்டிய இடத்தை விட்டு எங்கெங்கோ போய் இறங்கினார்கள், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டிலில் முதுகும் முதுகுமாகத் திரும்பி ஆளுக்கொரு பலகாரத்திடம் அன்றைய நாளை ஒப்பித்தார்கள். சண்டை என்பதே இல்லை. சண்டைக்கு எதிராளி பேச வேண்டுமே.

சிம்ஹாவும் தனக்கென்று ஒன்றை அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. கடல் தாண்டி, யூதர்களின் நாட்டில், ஹைஃபா துறைமுகத்தில் வேலை பார்க்கும் எலியாவுவின் அண்ணன் ரஹமீம், தம்பிக்கும் அங்கே ஒரு கிரேன் வேலை பார்த்துவைத்திருந்தான். பெரிய கிரேன், ஏசி போட்ட கூண்டு, பூரிம் அன்றைக்குப் போன் பண்ணுவேன், வருகிறீர்களா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தான். எலியாவு "ம்ம்" என்றான். பகல் முழுக்க இரும்பு மோதும் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவன், எது கேட்டாலும் ம்ம்தான். சிம்ஹா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றாள். எலியாவு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசவில்லை; அவள் அஞ்சறைப் பெட்டியிடம் பேசினாள், அவன் கிரேன் கூண்டுக்குள் டிபன் டப்பாவில் வைத்திருந்ததிடம் பேசினான்.

இதற்கு நடுவே பிள்ளைகளைக் கவனிக்க ஆளில்லை. "அம்மா, மீசை வரையணும்," என்று தெபோரா மை டப்பியோடு வந்து நின்றாள், அஞ்சறைப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த அம்மா "ம்ம்" என்றாள். அப்பாவைப் போலவே அம்மாவும் ம்ம் சொல்ல ஆரம்பித்துவிட்டதைக் கேட்டுத் தெபோராவுக்குப் பயமாக இருந்தது. "லாரிக்கு டயர் இல்ல," என்றான் யோனா. அதற்கும் ஒரு ம்ம். கடைசியில் அக்காவே தம்பிக்குச் செருப்பு அட்டைப்பெட்டியில் சக்கரம் வெட்டி ஒட்டிவிட்டு, கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே மீசை வரைந்துகொண்டாள். ஒரு பக்கம் மேலே ஏறியும் மறுபக்கம் கீழே இறங்கியும் போனதில், பாரசீக ராஜா எதையோ பாதிதான் நம்புகிறவரைப் போலத் தெரிந்தார்.

பண்டிகை தொடங்கும் சாயங்காலம் சந்துப் பிள்ளைகள் எல்லாம் தட்டும் டின்னுமாக எலியாவு வீட்டுக் கூடத்தில் வந்து நிறைந்தார்கள். பெரியவர்கள் காதுகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்கள். எலியாவு சுருளைப் பிரிக்கும் நேரத்தில் வெளியே மைக்செட் குரூஸின் குழாயில் கவுன்சிலரின் அறிவிப்பு ரகசியம் பேசுகிற குரலில் வந்தது: பொதுமக்கள் கவனத்துக்கு, காதுகளின் நலனை முன்னிட்டு இந்த வருஷம் பண்டிகையில் யாரும் சத்தம் எழுப்ப வேண்டாம், மீறிச் சத்தம் எழுப்பி ஏதேனும் காது செவிடானால் வார்டு பொறுப்பாகாது.

அம்மாமார்கள் பிள்ளைகளின் கையிலிருந்த தட்டுகளைப் பிடுங்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எலியாவு வாசித்தான். ஆமான் என்ற பெயர் வந்தது. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. மறுபடி வந்தது, மறுபடி வந்தது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர் அட்சரம் பிசகாமல் சுத்தமாக எல்லார் காதிலும் விழுந்து, கூடத்து நடுவில் விருந்தாளி மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஆமானின் பெயரை இவ்வளவு மரியாதையாக அவன் வீட்டார்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

தெபோரா எழுந்து நின்றாள். "அப்பா, ஆமானோட காது வலிக்கும்னு ஆமான் பேருக்குச் சத்தம் போடாம இருக்கோம். அப்ப யாருப்பா ஜெயிச்சது?"

எலியாவு சுருளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். பழக்கதோஷத்தில், "ம்ம்," என்றான். தெபோரா அழுதுகொண்டு உள்ளே ஓடினாள், மீசை கன்னம் வரைக்கும் இறங்கிப் போனது.

மறுநாள் காலையில் யோனா அஞ்சறைப் பெட்டியைத் திறந்தான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வாரமாக வீடு முழுக்கப் பேரீச்சம்பழ வாசனை, ஒரு வாரமாகத் தொடாதே தொடாதே, தண்ணி லாரியாக இருந்தாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா. அவன் அம்மாவின் காதை எடுத்து, இடுப்பில் அட்டைச் சக்கரங்கள் ஆட, மூன்று கடியில் தின்றுவிட்டான். பிறகு கூடத்துக்கு வந்து, அங்கே கிரேன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கும், பூரி மாவு பிசைய வந்த சுலைகாவுக்கும் முன்னால் நின்று, வயிற்றிலிருந்து கேட்டதைக் கேட்டபடியே சொல்ல ஆரம்பித்தான்.

"எனக்குப் போக வேண்டாம்," என்றான் யோனா, அம்மாவின் வார்த்தைகளில், தன்னுடைய மழலையில். "அவருக்கு ஏசி கிரேன் வேணும்போல. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும். ஆனா எனக்கு இந்தச் சந்துதான் வேணும். அங்க போனா என்னை எல்லாரும் சிம்ஹான்னு சரியாக் கூப்பிடுவாங்க. எனக்குச் சிங்கம்மாதான் பிடிச்சிருக்கு."

சிம்ஹா மாவுக் கையோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். எலியாவுவின் பித்தான் ஒன்று தப்பான ஓட்டையில் நின்றது.

"இன்னொண்ணு," என்றான் யோனா. "அந்த மனுஷன் குறட்டை விட்டா கப்பல் கரை தட்டுன மாதிரி இருக்கு. அது இல்லாம இப்ப எனக்குத் தூக்கம் வராது."

அவ்வளவுதான். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டது.

எலியாவு பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து, அதற்குள் இருந்த தன்னுடைய காதைச் சிம்ஹாவின் கையில் வைத்தான். அவள் கடித்தாள். மென்றாள். அவள் பெரியவள் என்பதால் கேட்டதை வெளியே சொல்லவில்லை, ஆனால் மெல்ல மெல்ல அவள் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டிருந்த சுலைகா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னதன்படி, முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு புருஷனின் தோளில் மாவு ஒட்ட ஓங்கி ஓர் அடி வைத்து, "இதை வாயைத் திறந்து சொன்னா என்ன, கிரேன் கவுந்துடுமா?" என்றாள்.

"நீ உங்க இஷ்டம்னு சொன்னியே."

"நீங்க ம்ம்னு சொன்னீங்களே!"

தின்றவருக்கு எல்லாம் கேட்கும் என்கிற செய்தி இட்லி வேகிற நேரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு முத்தாரப்பட்டணம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. காதுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், பூட்டிய பீரோ வாசலில் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தன. தலைமையாசிரியர் மாடிச் சுவரில் காயவைத்திருந்த காதை ஒரு காக்கா தூக்கிப்போய்த் தின்றுவிட்டு, மின்கம்பியில் உட்கார்ந்து நீளமாக ஏதோ கரைந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவர் வெயில் இல்லாத தெருவில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். சிலர் காதைக் கடலில் போட்டுவிடலாம் என்றார்கள். மீனைத் தின்கிறவன் யார் என்று கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

எல்லாரும் சிம்ஹா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "சிங்கம்மா, இதுக்கு என்ன வழி?"

சிம்ஹா பூரிக் கரண்டியோடு வெளியே வந்தாள். "இது பூட்டிவைக்கிற பலகாரமே இல்ல. பூரிம் அன்னிக்கு ஒருத்தர் வீட்டுலேர்ந்து இன்னொருத்தர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பணும், அதுதான் முறை. யாரு கேக்கணும்னு நீங்க நினைச்சுப் பேசினீங்களோ அவங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்க. யாருன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

கூட்டம் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தது. பிறகு முதல் ஆளாகச் சுலைகா தட்டை எடுத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடி, மூத்த மகன் வீட்டை நோக்கி நடந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னொருவர், இப்படியே சந்து நிறையத் துணி போட்ட தட்டுகள் கிழக்கும் மேற்குமாக நடந்தன. எதிரெதிரே வந்த தட்டுகள் நின்று, நீங்களுமா என்பதுபோல் பார்த்து, ஒன்றையொன்று மாற்றிக்கொண்டன. ஒரே வீட்டுக்குள் அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போன தட்டுகளும் உண்டு. சுலைகாவின் மகன் தின்றான். இத்தனை வருஷமாக அம்மாவுக்கு ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த சூடை மீன் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதும், அவன் வாங்கி வருகிறானே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றாள் என்பதும் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. செல்போனை ஜன்னலில் வைத்துவிட்டு அம்மாவின் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டானாம். அவன் மனைவிக்கும் சூடை பிடிக்காது என்பது அடுத்த தட்டில் தெரிந்தது.

வார்டு காதைத் தின்ன வேண்டியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தங்கபுஷ்பத்தை ஆபீஸ் படியில் உட்காரவைத்து, ஊரே சுற்றி நின்று பார்த்தது. அவள் ஒரு கடி கடித்தாள். பத்துத் தெருத் தண்ணீரும் சாக்கடையும் தெருவிளக்கும் ஒரே சமயத்தில் கேட்டதில் கண் இரண்டும் வட்டமாகி, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா!" என்று அலறிக்கொண்டு எழுந்தவள், மண்வெட்டிக்காரர்களைக் கூப்பிட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு தானே சாக்கடைக்குள் இறங்கிவிட்டாள். பண்டிகை விருந்துக்கு அவள் வந்தபோது முழங்கால் வரைக்கும் கறுப்பாக இருந்தது. அது வேஷம் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மைக்செட் குரூஸுக்கு மட்டும் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. தட்டோடு சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்து, கடைசியில் சிம்ஹா வீட்டுப் படியில் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்த தெபோராவின் முன்னால் வந்து நின்றார்.

"ராஜா, நீங்க சாப்பிடுறீங்களா?"

தெபோரா தின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நீங்க பாடுறீங்க," என்றாள் அதிசயமாக. "முழுக்கப் பாட்டுதான் இருக்கு."

"எப்படி இருக்கு?"

"தவளை மாதிரி இருக்கு. நல்ல தவளை." தெபோரா மீசையை முறுக்கினாள். "விருந்துல பாடணும். இது ராஜா உத்தரவு."

குரூஸ் வீட்டுக்கு ஓடிப்போய், ஊரில் உள்ள தன் குழாய்கள் அத்தனையையும் கொண்டுவந்து சிம்ஹா வீட்டு மொட்டைமாடியில் கட்டினார்.

மத்தியானம் சாய்ந்த பிறகு எலியாவு சுருளை மறுபடி பிரித்தான், இந்த முறை மைக் முன்னால். பகலிலும் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது முறை. கூடம் கொள்ளாமல் முற்றத்திலும் சந்திலும் ஆட்கள். பூரிக் கூடை ஒரு பக்கம் காலியாகிக்கொண்டிருந்தது. அம்மாமார்கள் எழுந்து தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்களுக்கும் ஆளுக்கொரு தட்டு எடுத்து வந்திருந்தார்கள். கவுன்சிலர் மண்வெட்டியும் கல்லும் வைத்திருந்தாள். குருக்கள் கோயில் மணியைக் கொண்டுவரலாமா என்று யோசித்து, கடைசியில் சைக்கிள் மணியோடு வந்திருந்தார்.

முதல் ஆமான் வந்தது. அப்போது எழுந்த சத்தத்தில் துறைமுகத்தில் இருந்த கப்பல் ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குச் சங்கு ஊதியது. பள்ளிக்கூடத்து மணி தானாக அடித்து, வெறும் வகுப்புகளுக்கு லீவு விட்டது. தெபோரா விசிலை ஊதிக்கொண்டு நாற்காலிமேல் குதித்தாள், யோனா டப்பாவை ஆட்டி ஆட்டித் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்தோடு கூட்டத்தைப் பின்பக்கமாகப் பிளந்துகொண்டு போனான், சிம்ஹா பூரிக் கரண்டியால் அண்டாவை அடித்த அடியில் அண்டா ஒடுங்கிப் போனது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

நடுவில் எலியாவுவின் பையில் போன் அதிர்ந்தது. ஹைஃபாவிலிருந்து ரஹமீம். எலியாவு வாசிப்பை நிறுத்திக் கையை உயர்த்தினான், சந்து அடங்கியது. அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் முன்னால் பிடித்தான்.

"என்னடா," என்றது அண்ணன் குரல், மைக்கில் பட்டு ஊர் முழுக்க. "இங்க எனக்கு ஷிப்டு. பண்டிகைன்னாலும் கப்பல் காத்துட்டு நிக்குது. பத்து மாடி உயரத்துல தனியா உட்கார்ந்திருக்கேன். சொல்லு, வர்றியா?"

எலியாவு சிம்ஹாவைப் பார்த்தான். அவன் வாயில் ம்ம் உருவாவதை அவள் பார்த்தாள், கரண்டியை ஓங்கினாள். அவன் அதை விழுங்கிவிட்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"வரலை, அண்ணே. எங்க ரெண்டு பேருக்கும் இஷ்டம் இல்ல. நாங்க பேசிட்டோம்."

சந்து முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழாயைப் பார்த்து நின்றது.

"சரிடா," என்றான் ரஹமீம். "எந்த இடத்துல நிறுத்தின?"

"எஸ்தர் விருந்து வைக்கிற இடம். யாரு அந்தப் பாவின்னு ராஜா கேட்டுட்டான், அவ விரலை நீட்டிட்டா. அடுத்து அவன் பேருதான்."

"போனை வைக்காத. அப்படியே வாசி," என்றான் ரஹமீம். அவன் தன் சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணி, ஸ்பூனை எடுத்துக்கொள்கிற சத்தம் கடல் தாண்டி வந்து முத்தாரப்பட்டணத்தின் எல்லாக் குழாய்களிலும் கேட்டது.